அடகு நகையின் மேல் இன்னும் பத்து லட்சம் வாங்கி ரோமுக்குப் போகலாமா?

கேள்வி: நான் மார்த்தாண்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை, கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்கர். மூன்று ஆண்டுகளுக்கு முன், கணவரின் தம்பி கடை தொடங்குவதற்காக என் 30 பவுன் நகையை ஒரு நிதி நிறுவனத்தில் அடகு வைத்து, 12 சதவீத வட்டியில் 6 லட்சம் ரூபாய் வாங்கிக் கொடுத்தோம். ஆண்டுதோறும் வட்டியைக் கட்டிப் புதுப்பித்து வருகிறோம். முதல் ஆண்டு வட்டியைக் கொழுந்தனார் கட்டினார். பிறகு நாங்களே கட்டுகிறோம். 68 வயதாகும் மாமியாருக்கு ரோமைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இப்போது கொழுந்தனார் குடும்பத்தில் நால்வரும் உடன் வருவதாகச் சொல்கிறார்கள். மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் விடுப்பு கிடைக்காது என்பதால் எங்கள் தரப்பில் மூவர்தான். ஏழு பேருக்கும் தலைக்கு 1.7 லட்சம் என்று முகவர் கேட்கிறார். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகையின் மேல் இன்னும் 10 லட்சம் தர நிதி நிறுவனம் தயாராக இருக்கிறது; தம்பி தன் பங்கைப் பிறகு தருவதாகச் சொல்கிறார். வைப்புத்தொகையில் 2 லட்சம் உண்டு. அவசரத்துக்கென 1.5 லட்சம் தனியே இருக்கிறது. வட்டிக்கு ஒதுக்கியது போக மாதம் 14,000 ரூபாய் மிஞ்சுகிறது. வாங்கலாமா? நகை அடகில் இருப்பது மாமியாருக்குத் தெரியாது.

பதில்: சகோதரி, வாங்க வேண்டாம். ஆனால் உங்கள் மாமியாரை ரோமுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவும் அவருடைய முழங்கால்கள் ஒத்துழைக்கும்போதே. இந்த இரண்டையும் நான் சேர்த்தே சொல்லக் காரணம், உங்கள் குடும்பத்துக்குக் கேடு செய்வது பயணம் அன்று. வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்துக்கொண்டே போகும் பழக்கம்தான்.

மூன்று ஆண்டுகளில் 2.16 லட்சம் வட்டியாகப் போயிருக்கிறது, அதில் 1.44 லட்சம் உங்கள் வீட்டுப் பணம். அசல் 6 லட்சத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இதன்மேல் 10 லட்சம் வாங்கினால் கடன் 16 லட்சமாகும். ஆண்டு வட்டி 1.92 லட்சம், அதாவது மாதம் 16,000 ரூபாய். இப்போது வட்டிக்காக ஒதுக்கும் 6,000 ரூபாயைவிட இது 10,000 கூடுதல் என்பதால், உங்களுக்கு மிஞ்சும் 14,000 ரூபாய் 4,000 ஆகச் சுருங்கும். அந்த 4,000 ரூபாயைக் கொண்டு 16 லட்சம் அசலை அடைக்க 400 மாதங்கள், அதாவது 33 ஆண்டுகள் வேண்டும். இடையில் தங்கம் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்ட இயலாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். விலை ஏறியதால் உங்கள் நகைக்குக் கிடைத்த மதிப்பை உங்களுக்கே கடனாக விற்கும் இந்தக் கூடுதல் கடனை, குறுஞ்செய்தி அனுப்பியும் செயலி வழியாகவும் இப்போது எல்லோரும் கூவி விற்கிறார்கள். அந்த ஏற்றத்தைப் பயன்படுத்த வேண்டியது கடனைப் பெருக்குவதற்கு அன்று, அடைப்பதற்கே.

எப்படி என்று பாருங்கள். 5 லட்சத்துக்கு மேற்பட்ட நகைக் கடனில், நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மொத்தம் 16 லட்சம் தரத் தயார் என்று அவர்களே சொல்வதால், உங்கள் 30 பவுன் குறைந்தது 21 லட்சம் பெறும்; 10 பவுன் ஏறக்குறைய 7 லட்சம். வைப்புத்தொகை 2 லட்சத்தை அசலில் கட்டி, மூன்றில் ஒரு பங்கு நகையை முதலில் மீட்டுத் தருமாறு கேளுங்கள். அந்தப் பத்துப் பவுனை விற்று, மீதி 4 லட்சம் அசலைத் தீர்த்து, 2 லட்சத்தை மறுபடி வைப்பில் போடுங்கள். மிச்சமாகும் ஒரு லட்சத்தை வரிக்கும் கடைக்காரர் கழிப்புக்கும் ஒதுக்குங்கள். இரண்டாண்டுக்கு மேல் கையில் இருந்த நகையை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி உண்டு என்பதால், அண்மையில் கூடுதல் விலைக்கு வாங்கிய உருப்படிகளையே விற்பது நல்லது. நகையை விற்பது மனத்துக்கு வலிக்கும் என்பதை அறிவேன். இருபது பவுன் வீட்டுப் பெட்டிக்குத் திரும்புகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கடன் தீர்ந்ததும் 6,000 ரூபாய் விடுபட்டு, மாதம் 20,000 ரூபாய் மிஞ்சும். அதைப் பன்னிரண்டு மாதம் வங்கித் தொடர்வைப்பில் போட்டால் 2.4 லட்சம், வைப்புத்தொகையோடு 4.4 லட்சம். பயணத்துக்கென்றே எஸ்.ஐ.பி. எனும் மாதாந்தரப் பங்குச்சந்தை முதலீட்டைத் தொடங்கச் சொல்லும் விளம்பரங்களை இதற்கு நாடாதீர்கள்; ஓராண்டில் தேவைப்படும் பணத்துக்குச் சந்தை ஏற்ற இடம் இல்லை. முகவர் சொல்லக்கூடிய வட்டியில்லாத் தவணையிலும், வட்டியானது செயலாக்கக் கட்டணமாகவும் கிடைக்காமற்போன தள்ளுபடியாகவும் ஒளிந்திருக்கும்.

அந்த 4.4 லட்சம் மூவருக்குப் போதுமா? யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரிலோ பிப்ரவரியிலோ திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகச் சென்றுவர மூவருக்கு 1.8 லட்சம். விசாக் கட்டணம் தலைக்கு 90 யூரோ. அதோடு சேவைக் கட்டணமும், கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் சேர்த்து 45,000 ரூபாய். ரோமில் அருட்சகோதரிகளின் மடங்கள் பல, விருந்தினர் இல்லங்களை நடத்துகின்றன. எளிமையாகவும் தூய்மையாகவும் இருக்கும் அவ்விடங்களில் மூவருக்கான அறை ஓரிரவுக்கு 110 யூரோ என்றால் ஆறு இரவுக்கு 73,000. நகராட்சி ஆளுக்கு, இரவுக்கு என்று தனி வரி வசூலிக்கிறது. முகவர்களின் தொகையில் இது பெரும்பாலும் சேராது. அதற்கு 12,000. உணவுக்கு 70,000, விமான நிலைய ரயில், மெட்ரோ, பேருந்துக்கு 17,000, வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கும் கொலோசியத்துக்கும் நுழைவுச்சீட்டு 14,000. கூட்டினால் 4.1 லட்சம், கைச்செலவுக்கு 30,000 மிஞ்சுகிறது.

உங்கள் மாமியார் பார்க்க விரும்புவதில் பெரும்பகுதி இலவசம் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தூய பேதுரு சதுக்கத்திலும், அதை அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் அடக்கம் செய்யப்பட்ட தூய மரியா பெருங்கோவிலிலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. திருத்தந்தை புதன்கிழமைகளில் மக்களைச் சந்திக்கும் பொதுச் சந்திப்புக்கான சீட்டும் இலவசமே. முகவரின் பட்டியலில் அதற்கென்று ஒரு தொகை இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். சிறு கருங்கற்கள் பாவிய தெருக்கள் முழங்காலுக்குக் கடினம். ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட வேண்டாம்.

விசாவுக்காகக் கடன் பணத்தைக் கணக்கில் போட்டு இருப்பைக் காட்டலாம் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். தூதரகம் பல மாதக் கணக்கறிக்கையைப் பார்க்கும். திடீரென்று வந்த பத்து லட்சம் கேள்வியைத்தான் எழுப்பும். மாதந்தோறும் 20,000 ஏறும் கணக்கு உங்களுக்காகப் பேசும். விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

கொழுந்தனாருக்கு வருவோம். அவர் குடும்பத்தின் பயணப் பங்கு மட்டும் 6.8 லட்சம், முன்பு வாங்கிக் கொடுத்த 6 லட்சத்துக்கே இரண்டாண்டாக வட்டி தராதவர் இதைப் பிறகு தருவார் என்று எந்தக் கணக்கிலும் நான் எழுதமாட்டேன். அவருடைய கடை நடக்கிறது என்றால், மாதம் 10,000 ரூபாய் வீதம் பழைய கடனைத் திருப்பித் தரட்டும். அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தப் பணத்தை மகளின் படிப்புக்கு வையுங்கள், பயணக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தம் செலவில் வர விரும்பினால் அவரும் தாராளமாக வரட்டும்.

இதை உங்கள் கணவர் தம் தம்பியிடம் சொல்லத் தயங்குவார் என்பது உங்கள் கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. ஆகவே நிதி நிறுவனத்துக்குப் போவதற்கு முன்பாக, இந்த வாரமே, மாமியாரிடம் அடகுச் சீட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தம் பயணத்துக்காக மருமகளின் நகை இன்னும் ஆழமாக அடகில் போவதை அவர் விரும்புவாரா என்று அவரிடமே கேளுங்கள். இளைய மகனிடம் பேசும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.