குக்கரைக் கழுவாதீர்கள், கம்பெனிக்கும் கொடுக்காதீர்கள்!
நுகர்வோர் சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஐந்து லிட்டர் குக்கர் நான்கே மாதத்தில் வெடித்து, மூடி பறந்து, என் அம்மாவுக்கு முகத்திலும் வலது கையிலும் தீக்காயம். பில் என் பெயரில் இருக்கிறது. கம்பெனி ஆள் வந்து, “குக்கரைக் கொடுங்கள், பரிசோதித்துவிட்டுப் புதுசு தருகிறோம்” என்கிறார். விற்ற தளமோ, “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்கிறது. கொடுக்கலாமா? யார் மீது புகார் கொடுப்பது?
- வாசகர், கரூர்

பதில்: கொடுக்கவே கூடாது. உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தக் குக்கர்தான். அது கம்பெனியின் கைக்குப் போய்விட்டால், “வாடிக்கையாளர் சரியாகப் பயன்படுத்தவில்லை” என்ற அறிக்கை மட்டும்தான் உங்களிடம் திரும்பி வரும். புதுக் குக்கருக்கு ஆசைப்பட்டுப் பழையதைக் கொடுத்தவர்கள் பிறகு நுகர்வோர் கமிஷனில் காட்ட எதுவும் இல்லாமல் நிற்க வேண்டியதாகிவிடும்.

குக்கரைக் கழுவாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பு, மூடி, காஸ்கெட், வெயிட், சேஃப்டி வால்வ் எல்லாவற்றையும் அப்படியே ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, தேதி எழுதி, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெட்டியில் வைக்கும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். மூடி பறந்து விழுந்த இடம், கூரையில் தெறித்த உணவு, அடுப்பின் நிலை இவற்றோடு குக்கரில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கிட்டத்தில் எடுப்பது முக்கியம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 2347 என்ற குக்கருக்கான தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த லைசென்ஸ் எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தரநிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் போட்டால் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, இப்போது செல்லுமா என்று தெரிந்துவிடும். வீட்டு உபயோகக் குக்கருக்கு இந்த முத்திரை 2021 பிப்ரவரி 1 முதல் கட்டாயம். முத்திரையே இல்லையென்றாலும், எண் வேறொரு கம்பெனிக்கு உரியதாக இருந்தாலும் உங்கள் கை ஓங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பரிசோதிக்க விரும்பினால் வீட்டுக்கு வந்து உங்கள் கண்முன்னே பார்க்கட்டும். நீங்கள் வீடியோ எடுங்கள். ஆய்வகப் பரிசோதனையைக் கமிஷன் மூலமே செய்துகொள்ளலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் 38-ஆவது பிரிவுப்படி, பார்வைக்குப் புலப்படாத குறை என்றால் கமிஷனே பொருளை வாங்கி, சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை தரச் சொல்லும். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

“குக்கரை வாங்கியவர் மகன், காயம்பட்டவர் தாய்” என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயப்படாதீர்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். புகாரில் அம்மா முதல் புகார்தாரர், நீங்கள் இரண்டாமவர்.

யார் மீது என்றால், தயாரித்த கம்பெனி, தளத்தில் விற்றவர், தளம் என மூவர் மீதும். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, போதிய எச்சரிக்கையோ உபயோகக் குறிப்போ இல்லாதது, இவற்றில் ஒன்றை நிரூபித்தாலும் 84-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் பொறுப்பு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை என்றால், 86-ஆவது பிரிவு விற்றவர் மீது பொறுப்பை ஏற்றுகிறது. தளத்தில் கடை போட்டிருக்கும் விற்பனையாளரின் உண்மையான பெயரையும் முகவரியையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகளின்படி தளம் அதைக் கொடுத்தாக வேண்டும். தளத்தை மூன்றாம் எதிர்தரப்பாகச் சேருங்கள். தளத்தின் பொறுப்பு எவ்வளவு என்பதைக் கமிஷன் முடிவு செய்யட்டும்.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் 87-ஆவது பிரிவு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது அது. கடைத்தெருவில் வாங்கிய காஸ்கெட்டைப் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள். அடுத்து, “பருப்பை அளவுக்கு மேல் போட்டதால் நுரை ஏறி வெயிட் குழாய் அடைத்துவிட்டது” என்பார்கள். இதற்கு உங்கள் பதில் சேஃப்டி வால்வில் இருக்கிறது. வெயிட் குழாய் அடைத்தால் ஆவியை வெளியே விடுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. மூடி பறந்த பிறகும் அது திறக்காமல் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், “அடைத்தது என்றே வைத்துக்கொள்வோம், வால்வ் ஏன் திறக்கவில்லை?” என்பதுதான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய கேள்வி. குக்கரைக் கழுவாதீர்கள் என்றதும் இதற்காகத்தான்.

புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பது கணக்கில்லை. பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் எந்தக் கமிஷன், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம். 50 லட்சம் வரை மாவட்டக் கமிஷன்; விலை 5 லட்சத்தைத் தாண்டாவிட்டால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்யுங்கள். கம்பெனியோடு மெயிலில் பேசிக்கொண்டிருந்தால் காலக்கெடு நின்றுவிடாது, கவனம்.

கேள்வி: ஜவுளிக்கடையின் மாடிப்படியில் தண்ணீர் கொட்டிக் கிடந்ததைக் கவனிக்காமல் கால் வைத்து, விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மேனேஜர் பத்தாயிரம் ரூபாயும் ஒரு தாளும் நீட்டுகிறார். அன்று நான் எதுவும் வாங்கவில்லை. வழக்குப் போட முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: தாளை வாசிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். “முழுமையான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்” என்ற வரி அதில் இருந்தால், பிளேட் வைத்த செலவும் பிசியோதெரபி செலவும் உங்கள் தலையில்தான். பணத்தை வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், “மருத்துவச் செலவுக்கான முன்பணமாக மட்டும்” என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பில் இல்லை என்பது நுகர்வோர் கமிஷனில் இடிக்கும் விஷயம். பணம் கொடுத்தவர், கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர், அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவர்தான் அங்கே நுகர்வோர். கூட வந்தவர்கள் யாராவது வாங்கியிருந்தால் அந்த பில்லைத் தேடி எடுங்கள். அதுவும் இல்லையென்றால் சிவில் கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு போடலாம். வாடிக்கையாளர் வந்து போகும் இடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது கடைக்காரரின் கடமை. அங்கே கோர்ட் கட்டணம் உண்டு, காலமும் கூடுதலாகும்.

எந்த வழியில் போனாலும் தேவைப்படுவது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். ‘எப்படி நடந்தது’ என்ற இடத்தில் நீங்கள் முதலில் சொன்னதை டாக்டர் எழுதியிருப்பார். மேனேஜர் பக்கத்தில் நிற்கிறாரே என்ற கூச்சத்தில் “வீட்டில் வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியே வழக்கைச் சாய்த்துவிடும். எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அஜாக்கிரதையால் கொடுங்காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 125(பி) பிரிவில் வரும். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள்.

சிசிடிவி பதிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழையது தானாக அழிந்துவிடும். இன்றே பதிவுத் தபாலிலும் மெயிலிலும், தேதி, நேரம், எந்தப் படிக்கட்டு என்று குறிப்பிட்டு, “அழிக்காமல் பாதுகாக்கவும்” என்று கடைக்கு எழுதுங்கள். பிறகு “அழிந்துவிட்டது” என்று சொன்னால் அந்தக் கடிதமே அவர்களுக்கு எதிராகப் பேசும். கடையின் பெயரை போர்டைப் பார்த்து எழுதாதீர்கள், ஜி.எஸ்.டி. பில்லில் இருக்கும் நிறுவனப் பெயரில் எழுதுங்கள்.

“நிர்வாகம் பொறுப்பல்ல” என்று எழுதி மாட்டியிருந்தாலும் கலங்க வேண்டாம். ஹோட்டல் வாலே பார்க்கிங்கில் கார் திருட்டுப் போன வழக்கில், சாவியை வாங்கிக்கொண்ட பிறகு ‘காரின் உரிமையாளரே பொறுப்பு’ என்ற வாசகத்தைக் காட்டித் தன் அஜாக்கிரதைக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: கேஸ் சிலிண்டர் தீ விபத்துக்கு நாம் பிரீமியம் கட்டாமலே இன்சூரன்ஸ் உண்டாமே?
- வாசகர், விழுப்புரம்

பதில்: உண்டு. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு அது. இறப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம். சிகிச்சைக்கு ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம். பதிவு செய்த முகவரியில் பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர்., தீயணைப்புத் துறை அறிக்கை, சிகிச்சை பில்கள் வேண்டும். இறப்பு என்றால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றும் சேரும். கனெக்‌ஷன் வேறொருவர் பெயரில் இருப்பது, தரமற்ற டியூப், விட்டுப்போன ஐந்தாண்டுப் பரிசோதனை, இவைதான் சிக்கலைக் கிளப்பும். இந்தப் பணம் வந்தாலும், ரெகுலேட்டரிலோ சிலிண்டரிலோ குறை இருந்தால் தனியாக நுகர்வோர் புகார் கொடுக்கத் தடையில்லை.

கேள்வி: மாவட்டக் கமிஷனில் ஜெயித்து நான்கு மாதமாகிறது. கம்பெனி அப்பீலும் போகவில்லை, பணமும் தரவில்லை.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அப்பீலுக்குக் கெடு 45 நாள். கட்டச் சொன்ன தொகையில் பாதியை டெபாசிட் செய்தால்தான் அப்பீலே எடுக்கப்படும். கெடு தாண்டிவிட்டதால், உத்தரவின் சான்றிட்ட நகலோடு அதே கமிஷனில் இரண்டு மனு போடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-ஆவது பிரிவில் போடுவது, உத்தரவைச் சிவில் கோர்ட்டின் தீர்ப்பாணை (டிக்ரி) போல நிறைவேற்றித் தரக் கேட்கும் மனு. சொத்தையும் வங்கிக் கணக்கையும் ஜப்தி செய்யலாம். இன்னொன்று 72-ஆவது பிரிவில். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். மனுவில் கிளை மேலாளரை மட்டும் காட்டாமல் நிர்வாக இயக்குநரையும் பெயர் சொல்லிச் சேருங்கள். உத்தரவில் வட்டி சொல்லியிருந்தால், இன்றைய தேதி வரை கணக்குப் போட்டு ஒரு தாளில் இணைத்துக் கொடுங்கள்.