ஏறினால் மூச்சு வாங்குகிறது, இறங்கினால் தொடை வலிக்கிறது: அலிபிரி நடையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. சொந்த ஊர் நகரி. திருமணத்துக்குப் பிறகு திருப்பதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கணக்குப் பார்க்கும் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். மாதத்தில் ஒரு ஞாயிறு அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்து ஏறி, நடந்தே இறங்குகிறேன். காலி கோபுரம் போவதற்குள் மூச்சு வாங்குகிறது. செவ்வாய்க்கிழமை தொடை இறுகி, மாடிப்படி இறங்கவே முடிவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டுக்காரர் "இந்த வயசுல எதுக்கு, பஸ்ல போனா போதாதா?" என்கிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள், அம்மா. ஆனால் அடுத்த ஏற்றத்துக்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்து, ஒரு ஈ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். உங்கள் மூச்சும் உங்கள் தொடையும் வேறு வேறு காரணத்தால் தொல்லை தருகின்றன. இரண்டையும் சேர்த்து "வயசாயிடுச்சு" என்று முடித்துவிடக் கூடாது.

தொடை வலிக்குக் காரணம் ஏற்றம் அல்ல, இறக்கம். படி இறங்கும்போது உடல் எடை முழுவதையும் தாங்கிக்கொண்டே தொடையின் முன்தசை நீள வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத தசை அப்படி நீளும்போது அதன் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அந்த வலி உடனே வராது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும். ஞாயிறு இறங்கியவருக்குச் செவ்வாய் வலிப்பது இதனால்தான். சுமார் 3,550 படிகளில் ஏறிவிட்டு மீண்டும் அத்தனையும் இறங்குவது, மாதம் முழுக்க உட்கார்ந்திருந்த கால்களுக்கு அதிகம். சில மாதங்களுக்கு ஏறுவது மட்டும் நடையாக இருக்கட்டும், இறங்குவதற்குப் பஸ் பிடியுங்கள். வேண்டுதல் குறைந்துவிடாது.

இறங்கப் பழகவும் வழி இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் வாரம் இரண்டு நாள், லிஃப்டில் மேலே போய்ப் படியில் நிதானமாக இறங்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மாடி போதும், கைப்பிடியை விடாதீர்கள். ஒருமுறை இப்படி வலித்துத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை வலி குறைவாகச் செய்யும். ஆனால் மாதம் ஒருமுறை மட்டும் நடந்தால், அந்தப் பழக்கம் விட்டுப்போகத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் மறுபடி மலையடியில் நிற்கிறீர்கள். வலி தசையில் இல்லாமல் முட்டிக்குள்ளேயே இருந்தாலோ, முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி மூச்சு. எனக்கு அக்கறை அதிகம் இதில்தான். மலைக்காற்று மெலிந்திருப்பதால் என்று சிலர் சொல்வார்கள். அது காரணம் இல்லை. திருமலை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. உயரத்தால் வரும் மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். காலி கோபுரம் வரையிலான பகுதி செங்குத்து, அதில் யாருக்கும் ஓரளவு மூச்சு வாங்கும். ஆனால் நாற்பதுகளில் இருக்கும் பெண்களுக்கு மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாகி, ஹீமோகுளோபின் மெல்லக் குறைந்துகொண்டே வரும். அது 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. சமதரையில் ஒன்றும் தெரியாது, படி ஏறினால்தான் காட்டிக்கொடுக்கும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பெண்களிடம் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. மெட்டோபிரோலால், அட்டெனோலால் வகை என்றால் நாடித்துடிப்பு உயராமல் பிடித்து வைக்கும். கையில் கட்டும் வாட்ச் காட்டும் எண்ணை வைத்து எவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்று கணக்கிட முடியாது. அதைவிடப் பேச்சை நம்புங்கள்: ஏறிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அந்த வேகம் சரி, இரண்டு சொல்லுக்கு நடுவே மூச்சு இழுத்தால் உட்காருங்கள். சிறுநீரைப் பிரிக்கும் வகை மாத்திரை என்றால் வெயிலில் நீர்ச்சத்து சீக்கிரம் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் பாதைக்குக் கூரை இருந்தாலும் வெக்கை குறையாது. விடியும் பொழுதில் தொடங்குங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். எந்த மாத்திரையையும் மலை ஏறுவதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். காலையில் அழுத்தம் 180/110-ஐத் தொட்டிருந்தால் அன்று போகாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை இருப்பது தெரியவந்தால் வெறுங்காலோடு நடப்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. மாதம் ஒரு ஞாயிறால் அது நிரம்பாது. நகரத்தில் இருப்பவர்களுக்கு ஊர் சுற்ற இடமில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதிலும் திருப்பதியில். ஒரு மாலை கபில தீர்த்தம் வரை நடங்கள். திருச்சானூர் நகரத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஒரு வெள்ளிக்கிழமை போகும்போது நடையும் வரும்போது ஆட்டோவுமாகப் பாருங்கள். மழைக்குப் பிறகு ஒரு விடுமுறையில் சந்திரகிரிக் கோட்டைக்குப் போய் அங்கே சுற்றுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள்.

வழியில் நெஞ்சு இறுகினாலோ, தாடை, இடது கை, மேல்முதுகில் வலி பரவினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் குமட்டலும் அசாத்தியச் சோர்வுமாக மாரடைப்பு வருவது உண்டு. ஏறி இறங்கிய ஓரிரு நாளில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால், தசை கடுமையாகச் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பரிசோதனை முடிவோடு மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதி அனுப்புங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் மாதவிடாயைப் பற்றியும் பேசிவிட்டு எழுதுங்கள்.