நிஜமாவே லவ்வா, இல்ல வேற ஏதாவதா? உங்க கேள்விகளுக்கு பதில்

வணக்கம். மதுரைல குடும்ப ஆலோசகரா இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி குழம்பி வர்றவங்க, கல்யாணம் ஆகி ஃபேமிலி கோர்ட் வாசல் வரைக்கும் போய்ட்டு வர்றவங்க, ரெண்டு பக்கமும் தினமும் பாக்குறேன். "நான் இவர நிஜமாவே லவ் பண்றேனான்னு எப்படி கண்டுபிடிக்கிறது"ன்னு ஒரு தங்கச்சி கேட்டுச்சு, சரி எல்லாரும் கேளுங்கன்னு சொன்னா கேள்வி கொட்டிருச்சு. ஒரே மாதிரி வந்தத ஒண்ணா சேத்து, ஆள் அடையாளம் தெரியிற விஷயத்த எல்லாம் எடுத்துட்டு போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, கம்பெனி பஸ்ல பழக்கம், நாலு மாசம் ஆச்சு. அவன்கிட்ட இருந்து மெசேஜ் வந்தாலே படபடன்னு இருக்கு, சோறு இறங்க மாட்டேங்குது, தூக்கம் இல்ல. இது லவ் தானே?

இருக்கலாம்மா. ஆனா படபடப்ப மட்டும் வச்சு முடிவு பண்ணிடாத. 1999-ல இத்தாலில பீசா யுனிவர்சிட்டில மராஸ்ஸிட்டின்னு ஒரு டாக்டரம்மா, புதுசா லவ்ல விழுந்தவங்க ரத்தத்தையும் ஓசிடி, அதாவது ஒரே எண்ணம் விடாம வந்து தொல்லை பண்ற மனநோய் உள்ளவங்க ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணி பாத்தாங்க. மனநிலைய பாதிக்கிற செரோட்டோனின்ங்கிற ரசாயனத்த கொண்டு போற புரதம் ரெண்டு கூட்டத்துலயும் ஒரே மாதிரி குறைஞ்சிருந்துச்சாம். ஒரே நினைப்பு சுத்தி சுத்தி வருதுல்ல, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு அவங்க சொன்னாங்க.

இன்னொண்ணு 1974-ல நடந்தது. கனடால வான்கூவர் பக்கத்துல ஆடுற தொங்கு பாலம் ஒண்ணு இருக்கு, கீழ பாத்தா எழுபது மீட்டர் பள்ளம். அதுல நடந்து வந்த ஆம்பளைங்ககிட்ட ஒரு பொண்ணு ஏதோ சர்வே கேள்வி கேட்டுட்டு போன் நம்பர் குடுத்துச்சு. தாழ்வான, ஆடாத பாலத்துல வந்தவங்ககிட்டயும் அதே மாதிரி குடுத்தாங்க. ஆடுற பாலத்துல வந்தவங்க தான் நிறைய பேர் திரும்ப கூப்பிட்டாங்க. பயத்துல அடிச்ச நெஞ்ச, அந்த பொண்ணால அடிச்சதா எடுத்துக்கிட்டாங்கன்னு டட்டன், ஆரன்னு அந்த ரெண்டு ஆராய்ச்சியாளர்களும் சொன்னாங்க.

இத ஏன் சொல்றேன்னா நம்மூர்ல பாதி லவ் அந்த ஆடுற பாலத்து மேல தான் நடக்குது. சித்தப்பா பாத்துருவாரோ, பக்கத்து வீட்டு அத்தை போட்டு குடுத்துருமோ, அண்ணன் போன எடுத்துருவானோன்னு பயந்து பயந்து பேசுறீங்க, அந்த த்ரில்லும் அவன் மேல உள்ள ஆசையும் கலந்து போய் எது எதுன்னே தெரியறதில்ல. அதனால சுவாரஸ்யமே இல்லாத இடத்துல அவன் கூட கொஞ்ச நேரம் இருந்து பாரு. ஆதார்ல அட்ரஸ் மாத்த இ-சேவை மையத்துல டோக்கன் போட்டுட்டு ரெண்டு பேரும் மூணு மணி நேரம் உக்காருங்க. அவன் போர் அடிக்கிறானா, கவுண்டர்ல இருக்கிறவங்ககிட்ட எப்படி பேசுறான், சர்வர் டவுன்னு சொன்னா மூஞ்சி எப்படி மாறுது, முன்னாடி நிக்கிற பாட்டிக்கு ஃபார்ம் நிரப்பி குடுக்கிறானா இல்ல 'உச்' கொட்டுறானா... இதெல்லாம் பாத்துட்டு வந்தப்புறமும் அவன பிடிச்சிருந்தா அப்ப வந்து சொல்லு.

கேள்வி: ஆன்லைன்ல லவ் டெஸ்ட் எடுத்தோம், 82 பெர்சன்ட் வந்துச்சு. நம்பலாமா?

ஸ்கூல்ல நோட்டு கடைசி பக்கத்துல ஃப்ளேம்ஸ் போட்டோமே, அத எவ்வளவு நம்புனீங்களோ அவ்வளவு நம்புங்க.

கேள்வி: மேடம், நான் பெங்களூர்ல பிஜில இருக்கேன், அவ கோயம்புத்தூர். மூணு வருஷம். முன்னாடி விடிய விடிய பேசுவோம், இப்ப "சாப்டியா, தூங்கு" அவ்வளவு தான். வேற பொண்ணு யாரும் இல்ல, சண்டையும் இல்ல. லவ் தீந்து போச்சா?

தம்பி, மூணு வருஷம் கழிச்சும் விடிய விடிய பேசுனா வேலைக்கு எப்ப போறது. டாரதி டென்னவ்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1979-லயே எழுதுனாங்க, இந்த கிறக்கம் பெரும்பாலும் ஒன்றரைல இருந்து மூணு வருஷம் வரைக்கும் தான் தாங்கும்னு. மேல சொன்ன பீசா ஆராய்ச்சிலயும் சில பேர ஒண்ணு, ஒன்றரை வருஷம் கழிச்சு மறுபடி கூப்பிட்டு டெஸ்ட் பண்ணப்போ அளவு நார்மலுக்கு வந்திருச்சு. அதுக்காக எல்லாருக்கும் எல்லாம் அடங்கிருமானா அதுவும் இல்ல. கல்யாணம் ஆகி சராசரியா இருபது வருஷத்துக்கு மேல ஆன, இன்னும் லவ் பண்றோம்னு சொன்ன 17 பேரோட மூளைய ஸ்கேன் பண்ணி 2011-ல ஒரு கட்டுரை வந்துச்சு. துணையோட போட்டோவ பாக்குறப்போ புதுசா லவ் பண்றவங்களுக்கு வேலை செய்யிற அதே டோபமின் (ஆசைய தூண்டுற மூளை ரசாயனம்) பகுதி அவங்களுக்கும் வேலை செஞ்சுச்சு. புது லவ்ல இருக்குற பதட்டம் மட்டும் காணோம்.

உங்க கேள்வில ஒரு விஷயம் தான் எனக்கு இடிக்குது. "சாப்டியா"ன்னு கேட்டுட்டு பதில படிக்கிறீங்களா? அவ டீம்ல இப்ப யாரு மேனேஜர், அவ அம்மாவுக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு, போன மாசம் எதுக்கு அழுதா, இது தெரியுமா? தெரியும்னா நீங்க ஆற அமர லவ் பண்ணிட்டு இருக்கீங்க, நிம்மதியா தூங்குங்க. தெரியாதுன்னா கிறக்கம் போனத பத்தி கவலைப்படாதீங்க, அவள கவனிக்கிறத நிறுத்திட்டீங்க, அது தான் பிரச்சனை. இந்த சனிக்கிழமை பஸ் ஏறுங்க.

கேள்வி: என் ஆளு ரொம்ப பொஸஸிவ். பாஸ்வேர்ட் கேப்பான், லைவ் லொகேஷன் எப்பவும் ஆன்ல இருக்கணும், ஆபீஸ் பசங்க கூட பேசுனா ரெண்டு நாள் பேச மாட்டான். ரொம்ப லவ் பண்றதால தானே?

இல்ல.

சின்னதா ஒரு விஷயத்துக்கு "முடியாது"ன்னு சொல்லி பாரு. "இன்னிக்கு வீடியோ கால் வேணாம், டயர்டா இருக்கு" அவ்வளவு போதும். கொஞ்சம் மூஞ்சிய தூக்கி வச்சுட்டு அப்புறம் சரியானா மனுஷன், பேசி பாக்கலாம். கத்துறது, கைய அறுத்துக்குவேன்னு மிரட்டுறது, போட்டோவ வெளிய விடுவேன்ங்கிறது, ஒரு தடவ கை ஓங்குறது, இதுல எது நடந்தாலும் லவ்வா இல்லையான்னு ஆராய்ச்சி பண்ற நேரம் முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். 181 பெண்கள் உதவி எண், ராத்திரி பகல் எப்ப வேணா கூப்பிடலாம். அந்த மிரட்டல் மெசேஜ எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருத்தருக்கு அனுப்பி வை. பசங்களுக்கும் சொல்றேன், பொண்ணு பண்ணாலும் இதே தான்.

கேள்வி: வீட்ல பாத்து கட்டி வச்சாங்க, எட்டு மாசம் ஆகுது. தங்கமான மனுஷன். ஆனா லவ்வுன்னா இதானான்னு தெரியல. தப்பு பண்றேனோன்னு குற்ற உணர்ச்சியா இருக்கு.

இந்த கேள்வி தான் அதிகமா வந்திருக்கு, அதுவும் பொண்ணுங்ககிட்ட இருந்து. குற்ற உணர்ச்சிக்கு இதுல ஒண்ணுமே இல்ல. 1986-ல ஸ்டெர்ன்பெர்க்னு ஒரு உளவியலாளர் சொன்னது இங்க உதவும். அவர் கணக்குல காதல்ல மூணு சங்கதி: நெருக்கம், மோகம், கூடவே இருப்பேன்ங்கிற முடிவு. லவ் மேரேஜ்ல பெரும்பாலும் மோகம் முன்னாடி வரும், முடிவு கடைசில வரும். உங்களுக்கு தலைகீழ். தாலி கட்டுன அன்னிக்கே முடிவு வந்திருச்சு, நெருக்கம் இனிமே தான் வரணும், அதுக்கு எட்டு மாசம் ஒரு டைமே இல்ல. அதுல பாதி மறுவீடு, ஆடி சீர், "விசேஷம் உண்டா"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்றதுலயே போயிருக்கும்.

என்கிட்ட வர்றவங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். ஆபீஸ்ல ஏதாவது சிரிப்பா நடந்தா மொதல்ல யார்கிட்ட சொல்லணும்னு தோணுது? ஒரு பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சிட்டு சொல்லுச்சு, "முன்னாடி எல்லாம் என் ஃப்ரெண்டுக்கு தான் மேடம் வாய்ஸ் நோட் போடுவேன், இப்ப கொஞ்ச நாளா இவர் வந்ததும் சொல்லலாம்னு வச்சிருக்கேன், அவரும் செருப்ப கழட்டாமலே நின்னு கேக்குறாரு"ன்னு. அத சொல்லிட்டு அதுவே சிரிச்சிருச்சு, அதுக்கு மேல நான் எதுவும் சொல்ல வேண்டியதா இல்ல. உங்களுக்கு இன்னும் அப்படி வரலையா, பரவால்ல, மாமியார் இல்லாத இடத்துக்கு ரெண்டு பேரும் தனியா போய்ட்டு வாங்க. கூட்டுக் குடும்பத்துல புருஷன் பொண்டாட்டி மனசு விட்டு பேசுறதுக்கு மொட்டமாடிய விட்டா வேற இடமே கிடையாது.

ஆனா அவர் தொட்டாலே அருவருப்பா இருக்கு, வீட்டுக்கு வர்ற நேரம் ஆச்சுனா வயித்த பிசையுதுன்னா அது வேற. "போகப் போக சரியாயிரும்"னு யார் சொன்னாலும் கேக்காம நேர்ல ஒரு ஆலோசகர பாருங்க.

கேள்வி: நாள் முழுக்க எனக்கே டெஸ்ட் வச்சுக்கிறேன். அவள பாத்தா ஃபீலிங் வருதா, இன்னிக்கு கம்மியா இருக்கா, வேற பொண்ணு அழகா தெரிஞ்சா அப்ப இவ மேல லவ் இல்லையா... தல வெடிக்குது.

தம்பி, இது லவ் பத்தின கேள்வியே இல்லாம இருக்கலாம். உறவு சம்பந்தமாவே சுத்துற ஓசிடின்னு ஒரு வகை இருக்கு. சந்தேகம், உடனே செக் பண்றது, ரெண்டு நிமிஷம் நிம்மதி, மறுபடி சந்தேகம். அது அப்படித்தான் ஓடும். நான் "ஆமா நீ லவ் பண்ற"ன்னு சொன்னாலும் ராத்திரிக்குள்ள மறுபடி கேப்ப, அதனால சொல்லல. 14416, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். மனநல டாக்டர பாரு, சிகிச்சைல நல்லா குறையிற விஷயம் இது. அதுவரைக்கும் பிரேக்கப், கல்யாணம் ரெண்டையும் முடிவு பண்ணாத.

கேள்வி: ரெண்டு பேர் மேலயும் லவ் வருது.

வரும். ரெண்டு பேருக்கும் தெரியுமா? அத மொதல்ல சொல்லுங்க.

கேள்வி: வேற சாதி. வீட்ல எதிர்க்க எதிர்க்க இன்னும் பிடிவாதம் ஆகுது. இது அவர் மேல உள்ள லவ்வா, அப்பா மேல உள்ள கோவமான்னு எனக்கே சந்தேகம்.

நல்ல கேள்விம்மா, இத கேக்குற தைரியம் நிறைய பேருக்கு இல்ல. பெத்தவங்க குறுக்க நின்னா காதல் கூடும்னு 1972-ல ஒரு ஆய்வு சொல்லி ரொம்ப பிரபலம் ஆச்சு. 2014-ல அத திரும்ப செஞ்சு பாத்தவங்களுக்கு அப்படி வரல, சுத்தி இருக்கிறவங்க ஆதரவு இருந்தா தான் உறவு பலமாகுதுன்னு வந்துச்சு. அதனால எதிர்ப்ப வச்சு எந்த பக்கமும் முடிவு பண்ணாத. நாளைக்கு காலைல அப்பா வந்து "சரி, அந்த பையனையே கட்டிக்கோ"ன்னு சொல்லிட்டாருன்னு வச்சுக்கோ, மனசு என்ன சொல்லுது? அப்பாடான்னு இருந்தா சரி. "ஐயோ, இப்பவேவா"ன்னு இருந்தா இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கோ.

லவ் தான்னு உறுதியானா அடுத்தது பாதுகாப்பு, இதுல சினிமாத்தனம் வேணாம். வயசு வந்த ரெண்டு பேர் விரும்பி கல்யாணம் பண்ண குடும்பத்தோட, சாதி சனத்தோட சம்மதம் தேவையில்லன்னு சுப்ரீம் கோர்ட் 2018-லயே சொல்லிருச்சு, இப்படிப்பட்ட ஜோடிகளோட பாதுகாப்புக்கு மாவட்டத்துக்கு ஒரு தனிப்பிரிவு வைக்கவும் சொன்னுச்சு. 1954 சிறப்பு திருமண சட்டத்துல போனா 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவாங்க, வீட்டுக்கு தெரிஞ்சிரும், யோசிச்சுக்கோ. ரெண்டு பேரும் இந்துன்னா இந்து திருமண சட்டத்துல தமிழ்நாடு 1967-ல கொண்டு வந்த திருத்தப்படி சுயமரியாதை திருமணம் செல்லும், அப்புறம் ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம். மிரட்டல் இருந்தா மொதல்ல வக்கீல பாரு. "கோயில்ல வச்சு நாங்களே கட்டி வைக்கிறோம் வா"ன்னு வீட்ல திடீர்னு பாசமா கூப்பிட்டா தனியா போகவே போகாத.

கேள்வி: அஞ்சு வருஷ லவ், வீட்லயும் ஓகே, தை மாசம் தேதி குறிச்சாச்சு. எனக்கு அவ மேல இருக்குறது பாவம்ங்கிற எண்ணம் மட்டும் தான்னு இப்ப தெரியுது. கட்டிக்கிட்டா சரியாயிருமா?

சரியாகாது. பாவப்பட்டு கட்டிக்கிட்டவங்க ரெண்டு வருஷம் கழிச்சு குழந்தையோட என் ஆபீஸ்ல வந்து உக்காருறாங்க, அப்ப பேசுறது இதவிட பல மடங்கு கஷ்டம். ஆனா ஒண்ணு, இது கல்யாண பயமான்னு மொதல்ல பாத்துக்கங்க. பயம்னா தேதி நெருங்க நெருங்க தான் ஆரம்பிச்சிருக்கும். தேதி குறிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே அவ போன் வந்தா எடுக்க சலிப்பா இருந்துச்சுன்னா அது பயம் இல்ல.

அப்படின்னா பத்திரிகை அடிக்கிறதுக்குள்ள சொல்லுங்க. வாட்ஸப்ல வேணாம், அவங்க அண்ணன் மூலமா வேணாம், நேர்ல, அவளுக்கு எந்திரிச்சு போக வசதியான இடமா பாத்து, பகல்ல சொல்லுங்க. "நீ நல்ல பொண்ணு, நான் தான் சரியில்ல"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அவ உங்கள சமாதானம் பண்ண வேண்டியதாயிரும், அது அநியாயம். "எனக்கு உன் மேல அந்த அன்பு இல்ல, கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்"னு முழுசா சொல்லிருங்க, யோசிக்கிறேன் கீசிக்கிறேன்னு பாதிக்கதவ திறந்து வைக்காதீங்க. அன்னிக்கே உங்க வீட்லயும் நீங்களே சொல்லணும், பழிய அவ மேல போட விடாதீங்க. மண்டப அட்வான்ஸ், நகை, நிச்சயத்துக்கு ஆன செலவு எல்லாம் அடுத்த வாரம் ரெண்டு வீட்டு பெரியவங்க உக்காந்து பேசட்டும், அவங்க பக்கம் ஆன செலவ நீங்க குடுக்க தயாரா இருங்க.