ஃபேன் சுற்றுது, திரை மட்டும் கறுப்பு: புது கம்ப்யூட்டர் ஏன் பூட் ஆகவில்லை?

புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை, ஏஎம்டியின் ரைசன் 7000 ப்ராசஸர், டிடிஆர்5 ரேம் (மெமரி), மதர்போர்டில் ரேம் சோதனையைக் காட்டும் ‘டிராம்’ விளக்கு அணையாமல் எரிகிறது என்கிறீர்கள். முதலில் கையைக் கட்டிக்கொண்டு பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஏஎம்5 போர்டு (ரைசன் 7000 பொருந்தும் மதர்போர்டு) முதல் தடவை ஆன் ஆகும்போது ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ளும். அதை ‘மெமரி ட்ரெயினிங்’ என்பார்கள். அதுவரை திரையில் ஒன்றும் வராது. நான் பொறுமையில்லாமல் மூன்று தடவை பவரை அணைத்தேன். மூன்று தடவையும் அது முதலிலிருந்து ஆரம்பித்தது!

அப்படியும் வரவில்லையென்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒரே ஒரு ரேமை ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள் (பெரும்பாலான நாலு ஸ்லாட் போர்டுகளில் அதுதான் ‘ஏ2’ என்ற ஸ்லாட்). ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பலர் பயந்து பாதியிலேயே விட்டுவிடுவார்கள்.

விளக்கு அணைந்தும் திரை கறுப்பா? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், எச்டிஎம்ஐ கேபிளை போர்டில் சொருகியிருப்பீர்கள். கிராபிக்ஸ் கார்டில் மாற்றுங்கள்.

‘பூட் டிவைஸ் இல்லை’ என்று வந்தால் நிம்மதி. அநேகமாக இன்னும் விண்டோஸ் போடவில்லை, அவ்வளவுதான். எஸ்எஸ்டி (விண்டோஸ் போடும் டிரைவ்) பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரையில்) தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.