தம்பி பெயரில் காணி, அண்ணன் கையில் இந்தியக் கடவுச்சீட்டு

கேள்வி: 1962இல் தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தேன். 1973இல் பெற்றோருடன் இந்தியாவுக்குப் போய், கூடலூரில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றேன். கடைசிக் காலத்தைப் பிறந்த மண்ணில் கழிக்க எண்ணி, கொட்டகலைப் பக்கம் 20 பேர்ச் காணியையும் அதிலுள்ள சிறு வீட்டையும் சித்தப்பா மகன் பெயரில் வாங்கினேன். 60 இலட்சம் இலங்கை ரூபாயும் என் பணம். அது என் காணிதான் என்று தம்பி எழுதித் தந்த தாள் இருக்கிறது. இப்போது உறுதியை (காணிப் பத்திரத்தை) மாற்றித் தரக் கேட்டால் தட்டிக் கழிக்கிறார்கள். தம்பி மனைவி என்னை விருந்தாளி போல நடத்துகிறார். வழக்குப் போட்டுக் காணியை என் பெயருக்கு மாற்ற முடியுமா? அல்லது இதை விட்டுவிட்டு பண்டாரவளையில் வேறு இடம் பார்ப்பது நல்லதா?

பதில்: ஐயா, நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கங்களைத் தேயிலை மலைக்குள் இருக்கும் தாத்தாவின் சமாதிக்கும், தம்பி மகளின் சடங்குக்கு நீங்கள் போட்ட நகைக்கும், தம்பி மனைவி தேநீர் தந்த விதத்துக்கும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மனக்குறை எனக்குப் புரிகிறது, ஆனால் மாவட்ட நீதிமன்றத்தில் அதைப் பதிவு செய்ய இடமில்லை. மூன்றாம் பக்கத்தின் அடியில், ‘இந்தியக் கடவுச்சீட்டில்தான் வந்து போகிறேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வழக்கு முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

நீங்கள் இலங்கைச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், 2013 ஜனவரி 1இல் இருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டு, வெளிநாட்டவருக்குக் காணியின் சொத்துரிமையை மாற்றுவதைத் தடை செய்கிறது. தடையை மீறி எழுதப்பட்ட உறுதிக்குச் சட்ட வலு இல்லை. எனவே தம்பியும் அவர் மனைவியும் நாளைக் காலையில் மனம் மாறி, உறுதி எழுதும் நொத்தாரிசு முன் சிரித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தாலும், அந்தக் காணியை உங்கள் பெயருக்கு எழுத முடியாது. தம்பி தர மறுப்பதாக நீங்கள் எழுதியிருப்பது, அவரால் சட்டப்படி தர முடியாத ஒன்றை.

அங்கே பிறந்தவன் எப்படி வெளிநாட்டவன் ஆவான் என்று நீங்கள் கேட்பீர்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதன் பின் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறந்த இடத்தை வைத்துக் குடியுரிமை தரவில்லை. தகப்பன் இலங்கைப் பிரஜையா என்று கேட்டது. உங்கள் தகப்பனார் பிரஜையாக இருக்கவில்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாகப் பங்கு பிரித்தபோது, உங்கள் குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. சித்தப்பா குடும்பம் இங்கே தங்கியது. ஆகவே நீங்கள் இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் அல்லர், அதை ஒருபோதும் பெற்றிராதவர். இந்த வேறுபாடு கொடுமையானது, ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏனெனில் இரட்டைக் குடியுரிமை என்பது பிரஜையாக இருந்து அதை இழந்தவருக்கும் இழக்கவிருப்பவருக்குமே உரியது. கனடாவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் அப்படிக் காணி வாங்கியதைப் பார்த்து நீங்களும் விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கதை வேறு. போதாக்குறைக்கு, இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதும் இல்லை. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வசித்தவர்களையும் அவர்களுடைய வழித்தோன்றல்களையும் நோக்கி எழுதப்பட்டது. 1973இல் போனவருக்கு அது கைகொடுக்காது.

வாரிசு வழியில் வெளிநாட்டவருக்கும் காணி சேரலாம் என்ற விதிவிலக்கு உண்மைதான். அது உரிமையாளரின் நெருங்கிய உறவினருக்கானது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கும் ஒருவருக்குப் பெரியப்பா மகன் அந்த வரிசையில் வரமாட்டார்.

இனி, அந்தத் தாள். நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: கோடு போட்ட கொப்பித் தாள், மேலே ஒட்டிய முத்திரை, தம்பியின் கையெழுத்து, சாட்சிகளாகக் கோவில் தலைவரும் ஓய்வுபெற்ற ஒரு கங்காணியும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, காணி தொடர்பான உரிமை மாற்றமோ வாக்குறுதியோ நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் அத்தாட்சிப்படுத்தியதாக இருக்க வேண்டும் என்கிறது. கோவில் தலைவர் எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்தாலும் நொத்தாரிசு அல்லர்.

இந்த இடத்தில் சில சட்டத்தரணிகள் உங்களிடம் வேறொரு கதவைக் காட்டுவார்கள். 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து இன்னொருவர் பெயரில் ஆதனம் எழுதப்பட்டு, அது அன்பளிப்பாகக் கொடுக்கப்படவில்லை என்பதும் தெரிந்தால், பெயர் உள்ளவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். அதை வாய்மொழிச் சாட்சியத்தாலும் நிரூபிக்கலாம். கேட்கும்போது உங்களுக்காகவே எழுதிய பிரிவு போல இருக்கும். அதே கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவை அவர்கள் வாசித்துக் காட்டுவதில்லை: சட்டம் தடுத்த ஒன்றையோ, அனுமதித்தால் ஒரு சட்டத்தின் நோக்கத்தையே முறியடிக்கக்கூடிய ஒன்றையோ நோக்கமாகக் கொண்ட நம்பிக்கைப் பொறுப்பு செல்லாது. வெளிநாட்டவர் காணி வாங்கக்கூடாது என்று சட்டம் இருக்க, வாங்குவதற்காகவே தம்பி பெயரைப் போட்டேன் என்பது உங்கள் வழக்கின் முதல் வாக்கியம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதன் பிறகு பேச வேண்டியது அதிகம் இல்லை.

என்னிடம் வந்தவர்கள் விழுந்த குழி பெரும்பாலும் இதுதான். தோல்வி குறுக்கு விசாரணைக்கு முன்பே, தங்கள் சொந்த வாக்குமூலத்தில் நேர்ந்துவிடுகிறது. உங்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். பணம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். கூடலூரில் ஒரு கடையில் இந்திய ரூபாயைக் கொடுத்தேன், ஹட்டனில் ஒரு கடையில் தம்பி இலங்கை ரூபாயை எடுத்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டும். அது உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே நடக்கும் பணமாற்று. வங்கிப் பற்றுச்சீட்டு ஒன்றும் இல்லாததால் 60 இலட்சம் உங்களுடையது என்பதற்கு ஆவணம் இல்லை. உண்டியல் என்று ஒப்புக்கொண்டாலோ இரு நாட்டு அந்நியச் செலாவணிச் சட்டங்களையும் மீறியதை நீங்களே பதிவில் ஏற்றுகிறீர்கள். ‘அண்ணே, காணி உன்னோடதுதான், பேருதான் என்னோடது’ என்று தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவைப் பெரிய ஆயுதமாக நினைக்கிறீர்கள். அது பணம் உங்களுடையது என்பதற்குச் சான்று; ஏற்பாடு சட்டவிரோதமானது என்பதற்கும் அதே அளவு சான்று.

வழக்கு இல்லாமல் சும்மா இருந்தாலும் ஆபத்து இருக்கிறது. தம்பிக்கு நாளை ஏதாவது நேர்ந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை மலையகத்தவருக்குப் பொருந்தாது என்பதால் பொதுச் சட்டம் வரும். அதன்படி பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். அப்போது நீங்கள் பேச வேண்டியவர், உங்களை விருந்தாளியாக நடத்துவதாகச் சொன்ன அதே பெண். தம்பியிடம் திரும்பப்பெற முடியாத அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். தத்துவம் கொடுத்தவர் மாரடைப்பில் இறந்த மறுவாரம் அதை நொத்தாரிசிடம் கொண்டு போனார்; வெறுங்கையோடு திரும்பினார். இன்னொன்று, ஈடு, அதாவது காணியை அடமானம் வைப்பது. தம்பி மகன் வெளிநாடு போவதற்காக வங்கியில் ‘ஏதோ கடன்’ எடுத்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எதை வைத்து எடுத்தார்? இந்தக் காணியாக இருந்தால், வங்கிக் கடன் அறவிடலுக்கான 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றப் படி ஏறாமலே ஏலம் போடக்கூடும்; அந்த ஏலத்தில் கொப்பித் தாளுக்கு மதிப்பில்லை.

ஆகவே நேராகச் சொல்கிறேன்: வழக்குப் போடாதீர்கள், சமாதானமாகப் போங்கள். அதையும் தள்ளிப்போடாதீர்கள். இன்னொருவருக்காகப் பெற்றுக்கொண்ட பணத்தைத் திருப்பிக் கேட்க, எழுத்தில் உடன்படிக்கை இல்லாவிட்டால், வழக்குத் தொடரும் காலவரையறையைச் சொல்லும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மூன்று வருடங்களே தருகிறது. முதல் தவணை கொடுத்து இரண்டு வருடமும் எட்டு மாதமும் ஆகிவிட்டதாக உங்கள் கணக்கே சொல்கிறது. தம்பி கையொப்பமிட்டு, இன்ன தொகையை இன்னாரிடம் பெற்றேன், இன்னும் திருப்பித் தரவில்லை என்று ஒப்புக்கொண்டால் காலம் புதிதாக எண்ணப்படும். அந்தத் தொகை மீதும் சட்டவிரோத ஏற்பாட்டின் நிழல் விழலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் கையொப்பமிட்ட கடனுக்கும் கைவிட்ட காணிக்கும் இடையில் பேரம் பேசும் பலம் முற்றிலும் வேறு. காணியை விற்று முதலை மட்டும் வங்கி வழியாகத் தவணையில் தரச் சம்மதித்தால், விலையேற்றத்தைத் தம்பிக்கே விட்டுவிடுங்கள். 60க்கு 45 தருகிறேன் என்றாலும் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். 15 இலட்சம் நட்டம்தான். அறுபது வயதைத் தாண்டியவர் மேன்முறையீடு வரை வழக்கோடு ஓடுவதற்கு அதைவிட அதிகம் செலவாகும்.

அந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், சட்டம் உங்களுக்கு விட்டு வைத்திருக்கும் வழி குத்தகை. வெளிநாட்டவர் 99 வருடங்கள் வரை குத்தகை எடுக்கலாம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக எழுதப்பட்டு காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். ஈடு இருந்தால் முதலில் அது தீர்க்கப்பட வேண்டும், இல்லையேல் முன்பு பதிந்த வங்கி உங்களுக்கு முன்னால் நிற்கும். குத்தகைக்கான புதிய பணம் இந்திய வங்கியிலிருந்து இங்குள்ள உள்முக முதலீட்டுக் கணக்குக்கு (வெளிநாட்டிலிருந்து வரும் முதலீட்டுப் பணத்துக்கான வங்கிக் கணக்கு) வரட்டும்; அப்படி வந்த பணமே ஒரு நாள் சிக்கலின்றித் திரும்பிப் போகும். முப்பது வருடக் குத்தகை உங்கள் ஆயுளுக்குப் போதும் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உரிமை என்ற சொல்லுக்காக வீட்டை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் குத்தகை உறுதி விசா ஆகாது. சுற்றுலா விசாவை நீட்டி நீட்டி இருப்பதை விடுத்து, 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கென உள்ள வதிவிட விசாவைப் பற்றிப் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்களத்தில் நேரில் கேளுங்கள்.

பண்டாரவளையா கொட்டகலையா என்பதற்குக் குளிரைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்த ஊரானாலும் வெளிநாட்டவருக்கான தடை ஒன்றே. கண்டியிலோ நுவரெலியாவிலோ கூட்டாதனத் தொடர்மாடி வீடு, முழு விலையும் உறுதி எழுதுமுன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால், நிபந்தனைகளோடு வாங்கக் கிடைக்கலாம். அது தேயிலைக் காற்று வீசும் முற்றம் அல்ல என்பது எனக்கும் தெரியும். தனிக் காணியைக் குத்தகைக்குப் பார்ப்பதானால், தருபவரின் உறுதி எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். தோட்டத்திலிருந்து வெட்டப்பட்ட துண்டு என்றால், 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் அரசுக்குப் போன காணியை யார் யாருக்கு விற்றார் என்ற கேள்வி எழும். ஜயபூமி, சுவர்ணபூமி என்று தலைப்பிட்ட அரச காணி அளிப்புகளைப் பிரதேச செயலகத்தை மீறிக் கைமாற்ற முடியாது. தோட்ட வீடமைப்பில் கொடுத்த 7 பேர்ச்சை உங்களுக்கு ‘விட்டுக்கொடுக்க’ முன்வருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள். சரிவான நிலமென்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிவில் புதைந்த லயன் வீடுகளில் இருந்தவர்களும் அந்த மலையை நம்பித்தான் தூங்கினார்கள்.

தம்பியோடு பேச உட்காருமுன் ஒன்று செய்யுங்கள். உறுதியின் இலக்கத்தைக் கொண்டு காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதில் ஈடு பதியப்பட்டிருக்கிறதா இல்லையா என்று தெரிந்த பிறகுதான், 45 இலட்சம் நல்ல விலையா என்று உங்களுக்கோ எனக்கோ சொல்ல முடியும்.