அப்பாவின் ரைஃபிளும் பிஸ்கட் டப்பாவும்

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் ரைஃபிளுக்கு என் பெயரில் முறைப்படி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஆனால் எந்தத் துப்பாக்கிக் கடையிலும் தோட்டா இல்லை. அப்பா சுட்ட 23 காலிக் கூடுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன. ரவையும் (பாய்ந்துபோகும் குண்டு) கேப்பும் (கூட்டின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) பார்சலில் அனுப்புவதாக வெளிநாட்டு நண்பர் சொல்கிறார். வீட்டிலேயே அடைத்துக்கொள்ளலாமா? உதிரியாக வந்தால் அது தோட்டா ஆகாதே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முதல் வேலையாக, நண்பரிடம் பார்சல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உதிரியும் தோட்டாதான். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2-வது பிரிவு, தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் கருவிகளையும் தோட்டா என்றே கணக்கில் சேர்க்கிறது. 10-வது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாமல் அவற்றை இறக்குமதி செய்வதும் குற்றம்.

அப்படியானால் அந்த டப்பா? 45-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாமல் வைத்திருக்கும் சிறு பாகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அப்பாவின் நினைவாகக் கிடக்கும் வரை கூடுகள் அந்த நிழலில் இருக்கின்றன. நீங்கள் கேப்பும் வெடிமருந்தும் தேடத் தொடங்கினால் அந்த நிழல் போய்விடும். வீட்டில் அடைப்பது 5-வது பிரிவு சொல்லும் தயாரிப்பு. லைசென்ஸ் இல்லாத தயாரிப்புக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு; ஆயுள் தண்டனை வரை போகலாம். வெடிமருந்துக்கு 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனியாக இருக்கிறது.

'.315 ரகத் தோட்டா தாராளமாகக் கிடைக்கிறதே, அதைப் போட்டுப் பாருங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எண்தான் பக்கத்தில் இருக்கிறது, தோட்டா வேறு. .318-ன் ரவை உண்மையில் .330 அங்குலக் குறுக்களவு. உங்கள் லைசென்ஸைக் காட்டி .315 தோட்டா வாங்கவும் முடியாது. வேட்டைக்கும் 1972-ம் ஆண்டு வனஉயிரினச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

அப்பாவின் பொருளைக் கைவிட மனம் வராது, எனக்குப் புரிகிறது. தோட்டா இல்லாமலே ரைஃபிளை வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸை மட்டும் காலத்தில் புதுப்பியுங்கள். விற்பதானால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிய வேண்டும், வாங்குபவருக்கும் லைசென்ஸ் வேண்டும். சென்னைக் கடைக்கு எடுத்துப்போவதாக இருந்தால் லைசென்ஸில் எல்லை எதுவரை என்று பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்று இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகாது. கிருமாம்பாக்கத்திலேயே நீங்கள் புதுச்சேரிக்குள் இருப்பீர்கள். பண்ருட்டி, விழுப்புரம் வழியாகப் போங்கள்.

அப்புறம், டப்பாவைக் கொட்டி ஒவ்வொரு கூட்டின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். சுட்ட கூட்டின் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். பள்ளம் இல்லாதது ஒன்று இருந்தாலும் அதைக் காலிக் கூடு என்று எண்ணாதீர்கள். தனியாக எடுத்துவைத்து, லைசென்ஸில் எழுதியிருக்கும் தோட்டாக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு, ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.