அம்போரெல்லாவும் அதன் பங்காளிகளும்: கேள்வி பதில்

கேள்வி: பூக்கும் தாவரங்களில் மிகப் பழமையானது எது? எங்கே வளர்கிறது?

பதில்: ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நியூ கலிடோனியாவின் பெருந்தீவில், ஈரமான மலைக்காடுகளின் நிழலில் மட்டும் வளரும் அம்போரெல்லா என்னும் குறுமரத்தின் கால்வழியே, இன்று வாழும் பிற பூக்கும் தாவரங்கள் அனைத்திலிருந்தும் முதலில் பிரிந்தது என்று 1999-இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின. அடுத்துப் பிரிந்தது அல்லிக் கூட்டம். அதற்கடுத்தது, பிரியாணியில் போடும் அன்னாசிப்பூவின் கூட்டம். முதலில் பிரிந்தது என்பதற்கு மூதாதை என்று பொருள் கொள்ளலாகாது. அம்போரெல்லா மல்லிகைக்குப் பாட்டியன்று, தூரத்துப் பங்காளி.

கேள்வி: தாமரையும் இவ்வரிசையில் உண்டா?

பதில்: இல்லை. அல்லியோடு ஒரே குளத்தில் நின்றாலும், தாமரைக்கு நெருங்கிய உறவு மக்கடேமியா என்னும் கொட்டை மரம்.

கேள்வி: அம்போரெல்லாவில் நீரைக் கடத்தும் அகன்ற சைலக்குழாய்கள் இல்லை, டிரக்கீடுகள் என்னும் குறுகிய நீர்க்கடத்திச் செல்கள் மட்டுமே. அதுவே பழமைக்குச் சான்று அல்லவா?

பதில்: தனித்து நிற்கும் சான்று அன்று. வின்டரேசி குடும்பத்திலும் சைலக்குழாய்கள் கிடையா. ஆனால் அக்குடும்பம், குழாய்களை உடைய செண்பகமும் மிளகும் அடங்கிய கூட்டத்துக்குள் அமைவதால், அதன் முன்னோர் அவற்றைப் பெற்றிருந்து பின்னர் இழந்தனர் என்றே பலர் கருதுகின்றனர்.

கேள்வி: ஏற்க முடியவில்லை. கோண்டுவானா என்னும் பழைய தென் பெருங்கண்டம் உடைந்தபோதே தனித்துப்போன தீவில் பழந்தாவரங்கள் அப்படியே தங்கின என்பதுதானே எளிய விளக்கம்?

பதில்: எளியதுதான், நிலவியல்தான் இடம் தரவில்லை. அப்பெருந்தீவு நெடுங்காலம் கடலுக்குள் மூழ்கியிருந்து, ஏறத்தாழ 3.7 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் மீண்டும் வெளிப்பட்டது என்பது நிலவியலாளர் பலரின் முடிவு. அம்போரெல்லாவின் கால்வழியோ 13 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. ஆகவே அது வேறெங்கோ பிழைத்திருந்து, பின்னர் இங்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதன் சிறு சிவப்புக் கனிகளைப் பறவைகள் கொண்டுவந்திருக்கலாம். தீவு அதன் பிறந்தகம் அன்று, கடைசிப் புகலிடம்.

கேள்வி: இந்தியாவில் இத்தகைய செடி உண்டா?

பதில்: குளத்து அல்லியே உண்டு. அதைவிடச் சுவையானது, கொங்கணத்தில் மழைக்காலத்தில் முளைக்கும் ட்ரித்தூரியா என்னும் மிகச் சிறிய செடி. புற்களின் உறவாகக் கருதப்பட்ட அதன் குடும்பம், 2007-இல்தான் அல்லியின் உறவென அறியப்பட்டது. மண்டியிட்டுப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது.

கேள்வி: அம்போரெல்லா விதை கிடைக்குமா? மாடித்தோட்டத்தில் வைக்க வேண்டும்.

பதில்: மலைக்காட்டு நிழலும் ஈரமும் மாடியில் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: தாமரையின் இடம் எது?

பதில்: இரண்டாம் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: அப்படியானால் மல்லிகை அம்போரெல்லாவிலிருந்து தோன்றியதா?

பதில்: முதல் பதிலின் கடைசி வரியைப் படிக்கவும்.